ஃபேட்டி லிவர்: கிரேடு எத்தனைன்னு கேட்காதீங்க, உள்ள சண்டை நடக்குதான்னு கேளுங்க

1/
ஸ்கேன் ரிப்போர்ட்டில் "கிரேடு 2 ஃபேட்டி லிவர்" என்று வந்துவிட்டால் நம்ம மக்கள் ரெண்டு விதமா எடுத்துக்குறாங்க. ஒரு கூட்டம் "லிவரே போச்சு" என்று தூக்கத்தைத் தொலைக்கும். இன்னொரு கூட்டம் "இது எல்லாருக்கும் இருக்குறதுதானே டாக்டர்" என்று ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளும்.

என் கருத்து: ரெண்டு பேருமே தப்பான இடத்தைப் பார்க்குறாங்க. ரெண்டு பேரும் பார்ப்பது கொழுப்பை. ஆனால் கல்லீரலைக் கெடுப்பதில் பெரிய பங்கு, அந்தக் கொழுப்பைப் பார்த்து நம்ம உடம்பின் நோய் எதிர்ப்பு செல்கள் போடும் சண்டைக்குத்தான்.

நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க. சர்க்கரை இல்லாம.

2/
முதல்லயே சொல்லிடுறேன். நான் கல்லீரல் சிறப்பு மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனை ஓ.பி.யில் சுகர், பிரஷர், காய்ச்சல், நாய்க்கடி என்று வரும் எல்லாரையும் பார்க்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர். ஆனால் ஃபேட்டி லிவர் முதன்முதலா வந்து நிற்கும் இடம் எங்க ஓ.பி.தான். ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகும்போது பாதிப் பேருக்கு நேரம் கடந்திருக்கும். அதனால் இதைப் பத்திப் பேச வேண்டியது எங்க வேலையும்தான்.

3/
கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் சேர்ந்துவிட்டால் அது ஃபேட்டி லிவர். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2022-ல் வெளியிட்ட கணக்குப்படி, பெரியவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்கு இது இருக்கு. பத்துப் பேரில் கிட்டத்தட்ட நாலு பேர்.

அந்த நாலு பேருக்கும் கல்லீரல் சுருங்கிப்போறது இல்லை. பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரலால் உயிருக்கு ஆபத்தே வராது. சொல்லப்போனா ஃபேட்டி லிவர் உள்ளவர்களை அதிகம் கொல்வது மாரடைப்பு உள்ளிட்ட இதய நோய்கள்தான். ஆனால் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் கல்லீரலில் தழும்பு விழுந்து, அது சிரோசிஸ் ஆகி, சிலருக்குப் புற்றுநோய் வரைக்கும் போகுது.

யார் அந்தச் சிறு பகுதி? முழுக் கேள்வியும் இதுதான்.

4/
1980-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற நோயியல் மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். 20 நோயாளிகள். கல்லீரல் திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அப்படியே குடிகாரரின் கல்லீரல். ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் இல்லை. இந்த நோய்க்கு அன்று பெயரே இல்லை. அவர் வைத்த பெயர்தான் நாஷ். 2023-ல் அந்தப் பெயரை மாற்றி இப்போ மாஷ் என்கிறோம்.

பெயரை விடுங்க. அவர் மைக்ரோஸ்கோப்பில் கொழுப்பை மட்டும் பார்க்கலை. கொழுப்புக்கு நடுவில் கூட்டம் கூட்டமா வெள்ளணுக்களும் வீங்கி உப்பிய கல்லீரல் செல்களும் இருந்தன. அதாவது அழற்சி. கொழுப்பு மட்டும் இருப்பது ஒரு நிலை. கொழுப்போடு சண்டையும் நடப்பது வேற நிலை.

5/
எவ்வளவு வித்தியாசம்? திசுப் பரிசோதனை செய்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்தாங்க. தழும்பை 0-வில் இருந்து 4 வரை ஸ்டேஜ் போடுவோம், 4 என்றால் சிரோசிஸ். வெறும் கொழுப்பு மட்டும் இருந்தவர்களுக்குத் தழும்பு ஒரு ஸ்டேஜ் கூட சராசரியா 14 வருஷம் ஆச்சு. கொழுப்போடு அழற்சியும் இருந்தவர்களுக்கு 7 வருஷம்.

சண்டை நடக்கும் கல்லீரல் ரெண்டு மடங்கு வேகத்தில் கெடுது. இனி அந்தச் சண்டை எப்படி ஆரம்பிக்குதுன்னு பார்ப்போம்.

6/
கல்லீரல் சுமார் ஒன்றரை கிலோ. அதற்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலில் இருந்து போர்ட்டல் ரத்தக்குழாய் வழியா நேரா வருது. நாம சாப்பிட்ட சோறு, குழம்பு, மாத்திரை எல்லாத்தோட சாரமும், கூடவே குடல் பாக்டீரியாக்களின் துண்டு துணுக்குகளும் முதலில் வந்து சேர்வது இங்கதான்.

மாவட்ட எல்லையில் இருக்கும் செக்போஸ்ட் மாதிரி வச்சுக்கோங்க. வர்ற ஒவ்வொரு வண்டியையும் பார்க்கணும். அதற்கு இங்கயே நிரந்தரமா ஒரு காவல்படை குடியிருக்கு. பெயர் கப்ஃபர் செல்கள். மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல் வகை. உடம்பின் திசுக்களில் தங்கியிருக்கும் மேக்ரோஃபேஜ்களில் 80 சதவீதத்துக்கு மேல் கல்லீரலில்தான் இருக்கு.

7/
இந்தக் காவலர்களோட பெரிய குணம் பொறுமை. தினமும் ஆயிரம் பாக்டீரியாத் துணுக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் விசில் ஊதிக் கூட்டம் சேர்த்தால் மூணு வேளை சாப்பாட்டுக்கும் மூணு தடவை நமக்கு ஹெபடைட்டிஸ் வரணும். அப்படி வர்றதில்லை. சத்தம் போடாமல் விழுங்கிச் செரித்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கும்.

கல்லீரலின் எதிர்ப்பு மண்டலம் இயல்பிலேயே அமைதியானது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

8/
இப்போ கொழுப்பு எங்கிருந்து வருது? "டாக்டர், நான் எண்ணெய்ப் பலகாரமே தொடறதில்லை, எனக்கு எப்படி ஃபேட்டி லிவர்?" தினமும் கேட்கும் கேள்வி இது.

2005-ல் ஃபேட்டி லிவர் நோயாளிகள் சிலரை வைத்து மிக நுணுக்கமா ஒரு ஆய்வு செய்தாங்க. கல்லீரலில் இருந்த கொழுப்பில் 59 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுவில் இருந்து கசிந்து வந்தது. 26 சதவீதம், மாவுச்சத்தையும் சர்க்கரையையும் வைத்துக் கல்லீரலே தயாரித்தது. சாப்பாட்டில் இருந்த எண்ணெய், நெய் வழியா நேரா வந்தது 15 சதவீதம்தான்.

அதாவது தொப்பையும், தட்டு நிறைய சோறும், டம்ளர் டம்ளரா இனிப்பு டீயும்தான் பெரிய வழி. வடை சின்ன வழி. (வடைக்கு நான் வக்கீல் இல்லை.)

9/
கல்லீரல் செல் கொழுப்பைத் துளியா உருட்டி மூட்டை கட்டி வைத்திருக்கும் வரை பெரிய பிரச்சினை இல்லை. அது ஒருவிதத்தில் தற்காப்புதான். மூட்டை கட்ட முடியாத அளவு வரத்து கூடும்போதுதான் கஷ்டம். கட்டப்படாத கொழுப்பு அமிலங்கள் செல்லுக்குள்ள விஷம் மாதிரி வேலை செய்யும். செல் பலூன் மாதிரி உப்பும். சில செல்கள் செத்துப்போய், உள்ளே இருந்த சரக்கு வெளியே கொட்டும்.

செக்போஸ்ட் காவலருக்கு இது குண்டு வெடித்த சத்தம் மாதிரி. அதுவரை பொறுமையா இருந்த கப்ஃபர் செல் இப்போ விசிலை எடுக்கும். இதே ஆட்களில் பலருக்குக் குடல் சுவரும் கொஞ்சம் கசிய ஆரம்பித்திருக்கும். பாக்டீரியாத் துணுக்குகள் வழக்கத்தைவிட அதிகமா வரும். ரெண்டும் சேர்ந்தால் பொறுமை போயிடும்.

10/
விசில் என்றால் என்ன? டி.என்.எஃப், இன்டர்லூக்கின் 1 போன்ற சைட்டோகைன்கள். கூடவே "ஆள் அனுப்பு" என்று எலும்பு மஜ்ஜைக்குப் போகும் ரசாயனச் சிக்னல்கள். அதைக் கேட்டு ரத்தம் வழியா புது மோனோசைட்டுகள் வந்து இறங்கும். இதற்குள் பழைய கப்ஃபர் செல்களில் பல செத்துப்போகும். அந்த இடத்தைப் புதுசா வந்தவர்கள் பிடிப்பாங்க.

இது முக்கியமான திருப்பம். உள்ளூர் ஸ்டேஷன் ஏட்டையாவுக்குத் தெருவில் யார் நல்லவன், யார் கெட்டவன்னு தெரியும். பேசி அனுப்பிடுவார். வெளியூரில் இருந்து வேன் வேனா இறங்கும் ரிசர்வ் படைக்கு யாரையும் தெரியாது. லத்தியைத்தான் முதலில் எடுக்கும். புதுசா வரும் மேக்ரோஃபேஜ்கள் கிட்டத்தட்ட அந்த ரகம்.

11/
அடுத்து டி செல்கள். வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்வது இதில் சிடி8 என்ற வகையின் வேலை. வழக்கமா இவை அடையாள அட்டை பார்த்துத்தான் சுடும். "உன்மேல் இந்த வைரஸின் துண்டு இருக்கா?" என்று சோதித்த பிறகுதான் கொல்லும்.

2021-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, இந்த நோயில் சிடி8 செல்களில் ஒரு கூட்டம் அந்தச் சோதனையையே விட்டுவிடுவதைக் காட்டியது. கல்லீரலின் கெட்டுப்போன சூழலில் இருந்து வெறியேறி, அட்டை பார்க்காமலே நல்ல கல்லீரல் செல்லையும் கொல்லுது. எந்தக் கிருமியும் இல்லை. ஆனாலும் போர் நடக்குது.

12/
சண்டை முடிந்த இடத்தில் பூச்சு வேலை செய்ய ஒரு ஆள் வேணும்ல? அவர்தான் ஸ்டெல்லேட் செல், நட்சத்திர செல். 1876-ல் ஜெர்மன் உடற்கூறியலாளர் கப்ஃபர் நட்சத்திர வடிவில் பார்த்து எழுதியது உண்மையில் இந்தச் செல்லைத்தான். பின்னாடி விழுங்கும் செல்லையும் இதையும் ஒன்றுன்னு நினைத்ததால் அவர் பெயர் விழுங்கும் செல்லுக்குப் போயிடுச்சு. 1951-ல் ஜப்பானின் இட்டோ இதைத் தனியா விவரித்தார். 1971-ல் வாகே என்ற இன்னொரு ஜப்பானியர்தான் "கப்ஃபர் பார்த்தது இதைத்தான்" என்று குழப்பத்தைத் தீர்த்தார். கிட்டத்தட்ட நூறு வருஷக் குழப்பம்!

சாதாரண நாளில் இந்தச் செல் வைட்டமின் ஏ-வைச் சேமித்துக்கொண்டு சும்மா கிடக்கும். பக்கத்தில் மேக்ரோஃபேஜ்கள் தொடர்ந்து கத்தினால் வைட்டமினைக் கீழே போட்டுவிட்டு வேற வேலைக்கு மாறிடும். நார் நாரா கொலாஜன் சுரக்கும். அதுதான் தழும்பு. ஒருநாள் சண்டைக்கு இந்தத் தழும்பு நல்லது. இருபது வருஷச் சண்டைக்கு இதுவே சிரோசிஸ்.

13/
"அப்போ இந்த எதிர்ப்பு செல்களை மொத்தமா அடக்கிட்டா போச்சே?"

நல்ல கேள்வி. மருந்துக் கம்பெனிகளும் அதைத்தான் யோசிச்சாங்க. மோனோசைட்டுகள் கல்லீரலுக்குள்ள இறங்கும் வாசலையே பூட்டும் செனிக்ரிவிராக் என்ற மருந்து. யோசனை அருமை. மூன்றாம் கட்ட ஆய்வு வரை போச்சு. 2020-ல் பலன் இல்லைன்னு நடுவிலேயே நிறுத்திட்டாங்க.

14/
ஏன்? முழுக் காரணம் சிக்கலானது. ஒரு பகுதி எனக்குப் புரிந்த வரை இது: எதிர்ப்பு செல்கள் எல்லாமே வில்லன் இல்லை. வந்து இறங்கும் மேக்ரோஃபேஜ்களிலேயே ஒரு கூட்டம் செத்த செல்லையும் சிந்திய கொழுப்பையும் கூட்டிப் பெருக்குது. விலங்கு ஆய்வுகளில், காரணம் நீங்கிய பிறகு தழும்பைக் கரைப்பதே மேக்ரோஃபேஜ்களில் ஒரு வகைதான். வாசலைப் பூட்டினால் லத்தி எடுப்பவரோடு துப்புரவுப் பணியாளரும் வெளியே நிற்பார்.

ஜெயித்த மருந்துகளைப் பாருங்க. அமெரிக்காவில் இந்த நோய்க்கு 2024 மார்ச்சில் அனுமதி பெற்ற ரெஸ்மெட்டிரோம், கல்லீரல் கொழுப்பை எரிப்பதைக் கூட்டுது. 2025 ஆகஸ்ட்டில் அனுமதி பெற்ற செமாகுளூட்டைடு, பசியையும் எடையையும் குறைக்குது. ரெண்டுமே படையை அடக்க வந்த மருந்து இல்லை. சண்டைக்கான காரணத்தைக் குறைக்கும் மருந்துகள். காரணம் குறைந்தால் படை தானா முகாமுக்குத் திரும்புது.

15/
இதுவரை அறிவியல். இனி என் கருத்து. மூணு விஷயம்.

முதல் விஷயம்: ஃபேட்டி லிவர் இருக்கிறவங்க "இம்யூனிட்டி பூஸ்டர்" வாங்குவதை நிறுத்துங்க.

கொரோனாவுக்குப் பிறகு "எதிர்ப்பு சக்தி" என்ற சொல் ஒரு வியாபாரச் சரக்கு ஆகிடுச்சு. பொடி, சூப், சொட்டு மருந்து, கேப்சூல். மேலே படித்ததை யோசிச்சுப் பாருங்க. இந்த நோயில் உங்க எதிர்ப்பு சக்தி குறைஞ்சா இருக்கு? தேவையில்லாத இடத்தில், தேவையில்லாத நேரத்தில் கூடிப்போய் நிக்குது. கூட்டம் கலையாத தெருவுக்கு இன்னும் பத்து வேன் அனுப்பச் சொல்லிக் காசு கொடுக்குறோம்.

பெரும்பாலான பூஸ்டர்கள் எதையும் கூட்டுறதும் இல்லை, அது வேற கதை. நல்லவேளைன்னுதான் சொல்லணும்.

16/
சில நேரம் நல்லவேளை அமையாது. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியை எதிர்ப்பு சக்திக்காகக் குடித்து, மஞ்சள் காமாலையோடு வந்த 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினாங்க. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. பிறகு 2022-ல் நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டாங்க. பலருக்கு எதிர்ப்பு மண்டலமே கல்லீரலைத் தாக்கும் வகைப் பாதிப்பு. சிலருக்கு ஏற்கெனவே இருந்த நாள்பட்ட கல்லீரல் நோய் திடீர்னு மோசமானது.

இது சித்தா, ஆயுர்வேதத்துக்கு எதிரான பதிவு இல்லை. ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் பயப்பட வேண்டிய பொருள் இல்லை. அதையே நூறு மடங்கு அடர்த்தியாக்கிக் கேப்சூலில் அடைத்து விற்பது வேற பொருள். எதைச் சாப்பிட்டாலும், யார் கொடுத்தாலும், உங்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. நாங்க திட்ட மாட்டோம். (திட்டினா கேட்டுக்கோங்க, ஆனா சொல்லிடுங்க.)

17/
ரெண்டாவது விஷயம்: ஸ்கேன் கிரேடைக் கும்பிடுவதை நிறுத்துங்க.

அல்ட்ராசவுண்டு காட்டுவது கொழுப்பின் வெளிச்சம். சண்டையைக் காட்டாது. தழும்பை ஆரம்பத்தில் காட்டாது. பெரிய கொடுமை என்னன்னா, நோய் முற்றி சிரோசிஸ் ஆகும்போது சிலருக்குக் கல்லீரலில் கொழுப்பு குறைந்துவிடும். கிரேடு 2-ல் இருந்து கிரேடு 1-க்கு வந்துட்டேன்னு லட்டு கொடுப்பவர்களில், எடையும் குறையாமல் சாப்பாடும் மாறாமல் இருப்பவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கும்.

18/
சரி, சண்டையை ரத்தப் பரிசோதனையில் நேரடியா அளக்க முடியுமா? ஓ.பி. அளவில் முடியாது. ஆனால் சண்டை விட்டுப்போகும் தழும்பைக் கணிக்க முடியும். உயிருக்கு ஆபத்து யாருக்குன்னு சொல்வதும் அந்தத் தழும்புதான்.

அதற்கு ஒரு சாதாரணக் கணக்கு இருக்கு. பெயர் ஃபிப் 4. தேவையானது நாலே நாலு: வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., தட்டணுக்கள் எண்ணிக்கை.

வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்க. தட்டணுக்களை (2.8 லட்சம் என்றால் 280 என்று எடுத்து) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்க. முதலாவதை ரெண்டாவதால் வகுங்க. அவ்வளவுதான்.

1.3-க்குக் கீழ்: பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு.
2.67-க்கு மேல்: வாய்ப்பு அதிகம், ஸ்பெஷலிஸ்ட் பார்க்கணும்.
நடுவில்: அடுத்த பரிசோதனை தேவை.

19/
விளக்கத்துக்காக நானே போட்ட ரெண்டு உதாரணம்.

முதல் ஆள்: வயது 38. ஸ்கேனில் கிரேடு 2. எஸ்.ஜி.ஓ.டி. 42, எஸ்.ஜி.பி.டி. 81, தட்டணுக்கள் 2.8 லட்சம்.
38 × 42 = 1596. 81-ன் வர்க்கமூலம் 9. 280 × 9 = 2520. விடை 0.63.

ரெண்டாவது ஆள்: வயது 52. சுகர் உண்டு. ஸ்கேனில் கிரேடு 1தான். எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 36, தட்டணுக்கள் 1.4 லட்சம்.
52 × 40 = 2080. 36-ன் வர்க்கமூலம் 6. 140 × 6 = 840. விடை 2.48.

ஓ.பி.யில் பதறிப்போய் நிற்பவர் முதல் ஆள். "கிரேடு 1தான், லிவர் டெஸ்டும் கிட்டத்தட்ட நார்மல்" என்று நிம்மதியா வீட்டுக்குப் போறவர் ரெண்டாவது ஆள். நான் உட்கார வைத்துப் பேச வேண்டியது ரெண்டாவது ஆளிடம்.

20/
தட்டணுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? தழும்பு கூடினால் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறும், மண்ணீரல் வீங்கும், தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தட்டணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பதும் கல்லீரல்தான், அதுவும் குறையும். "எனக்கு எப்பவும் பிளேட்லெட் கம்மிதான் சார்" என்று சொல்லும் சுகர் நோயாளிக்கு ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

எச்சரிக்கைகளும் உண்டு. 35 வயதுக்குக் கீழ் இந்தக் கணக்கை நம்ப முடியாது. 65-க்கு மேல் 1.3-க்குப் பதில் 2 என்று எடுத்துக்கணும். டெங்கு, வேறு காய்ச்சல், மஞ்சள் காமாலை இருக்கும் நேரத்து ரிப்போர்ட்டை வைத்துப் போடவே கூடாது. டெங்குவில் தட்டணு விழும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், விடை தாறுமாறா வரும். உடம்பு தேறிச் சில வாரம் கழித்துப் புது ரிப்போர்ட்டை வைத்துப் போடுங்க.

21/
மூணாவது விஷயம், இது எங்க துறைக்கு: இந்தக் கணக்கை டாக்டரோட ஞாபகத்துக்கு விடாதீங்க. ரிப்போர்ட்டிலேயே அச்சடிச்சுக் கொடுங்க.

மத்திய அரசு 2021-லேயே ஃபேட்டி லிவரைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்தது. 2024-ல் திருத்திய வழிகாட்டுதலும் வந்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கு. ஆனால் காலை 8 மணியில் இருந்து நூற்றுக்கும் மேல் ஆட்கள் நிற்கும் ஓ.பி.யில், ஒவ்வொருத்தருக்கும் வர்க்கமூலம் எடுக்கச் சொன்னால் எந்த டாக்டராலும் முடியாது. குறை சொல்றதுக்காகச் சொல்லலை, நிலைமை அப்படி.

22/
வயதும், எஸ்.ஜி.ஓ.டி.யும், எஸ்.ஜி.பி.டி.யும், தட்டணுவும் ஏற்கெனவே லேப் கம்ப்யூட்டரில் இருக்கு. சுகர் நோயாளிக்கு இந்த டெஸ்ட்டுகளை எப்படியும் எடுக்கிறோம். கம்ப்யூட்டருக்கு ஒரு சூத்திரம் எழுதிக் கொடுத்தால் கீழே ஒரு வரி கூடுதலா அச்சாகும். புது மெஷின் வேண்டாம், புது ரீஏஜென்ட் வேண்டாம், புது ஆள் வேண்டாம்.

2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதில் இருந்து சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடிப் போகுது. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள்தான் தழும்புக்கு அதிக வாய்ப்புள்ளவர்களும். டைப் 2 சுகர் உள்ளவர்களில் பாதிக்கு மேல் ஃபேட்டி லிவர் இருக்கு. ஆட்களைப் புதுசா தேட வேண்டியதே இல்லை. ஏற்கெனவே நம்ம நோட்டில் பெயர் இருக்கு. வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும்.

23/
"இப்படி எல்லாருக்கும் போட்டா மெடிக்கல் காலேஜ்ல கூட்டம் தாங்காதே?" என்று சக டாக்டர்கள் கேட்பாங்க. நியாயமான கேள்வி.

என் பதில்: இந்தக் கணக்கின் பெரிய பயன் ஆளை அனுப்புவது இல்லை, அனுப்பாமல் இருப்பது. பெரும்பாலானவர்களுக்கு 1.3-க்குக் கீழ்தான் வரும். "உங்களுக்கு இப்போ பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, எடையைக் குறைங்க, அடுத்த தடவை பார்ப்போம்" என்று தைரியமா சொல்லி இங்கேயே வைத்துக்கலாம். மீதி உள்ளவர்களை மட்டும் ஃபைப்ரோஸ்கேன் இருக்கும் இடத்துக்கு அனுப்பினால் போதும். அதில் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் அவர்களிலும் பெரும்பாலானோர் திரும்பி வந்துடுவாங்க. இன்றைக்கு நடப்பது தலைகீழ். பயந்தவர் போகிறார், ஆபத்து உள்ளவர் வீட்டில் இருக்கிறார்.

24/
சரி, சண்டையை எப்படி நிறுத்துறது? மேலே சொன்ன அதே வழி. காரணத்தைக் குறைக்கணும்.

2015-ல் கியூபாவில் 293 நோயாளிகளை ஒரு வருஷம் உணவு, உடற்பயிற்சியில் வைத்து, முன்னும் பின்னும் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தாங்க. உடல் எடையில் 10 சதவீதம் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி நிலை மறைந்தது. 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. சண்டை நின்றால் கல்லீரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். அதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

80 கிலோ ஆளுக்கு 10 சதவீதம் என்றால் 8 கிலோ. 4 கிலோ குறைந்தாலே கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும். 6 கிலோ வாக்கில் அழற்சி தணியத் தொடங்கும்.

25/
அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். இவ்வளவு கவனிப்பு இருந்தும் 10 சதவீதம் எடையைக் குறைக்க முடிந்தது பத்தில் ஒருவரால்தான். அதனால் "வாயைக் கட்டுங்க" என்று அதட்டி அனுப்புவது வைத்தியம் இல்லை. ரெண்டு ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு ராத்திரி 11 மணிக்குப் பரோட்டா சாப்பிடும் ஆளிடம் ஆலிவ் ஆயில் பற்றிப் பேசி என்ன ஆகப்போகுது?

நான் கேட்பது சின்ன சின்ன விஷயம். டீ, காபியில் சர்க்கரையை விடுங்க. கூல்டிரிங்க்ஸ், பாட்டில் ஜூஸ் வேண்டாம். மூணு வேளையும் அரிசி என்பதை ரெண்டு வேளையாக்குங்க, மூன்றாவதுக்கு முட்டை, சுண்டல், மீன், பாசிப்பயறு. சோற்றின் அளவைக் குறைச்சுக் காய், கீரையைக் கூட்டுங்க. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை. எடை குறையாவிட்டாலும் நடை கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும்.

26/
ஒல்லியா இருக்கிறவங்க சிரிக்காதீங்க. நம்ம ஊரில் கை கால் குச்சியா, வயிறு மட்டும் முன்னாடி வந்த உடம்பு நிறைய. பி.எம்.ஐ. 23 தாண்டினாலே நமக்கு அதிகம்தான். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்கணும். ஒல்லியானவர்கள் 3 முதல் 5 சதவீதம் குறைத்தாலே பலன் தெரியும்.

தழும்பு இருப்பவர்களுக்கு மது துளியும் வேண்டாம். "வாரத்துக்கு ஒரு நாள்தான் சார்" என்பதும் சேர்த்துத்தான்.

27/
அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: "ஃபேட்டி லிவர் இருக்கு, கொலஸ்ட்ரால் மாத்திரை லிவரைக் கெடுக்கும்" என்று ஸ்டாட்டினைத் தானா நிறுத்துவது. நிறுத்தாதீங்க. ஃபேட்டி லிவரில் ஸ்டாட்டின் பாதுகாப்பானது. உங்களுக்குப் பெரிய ஆபத்தே மாரடைப்பு, அதைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தி கல்லீரலைக் காப்பாத்த முடியாது. சுகர் மாத்திரைக்கும் இதே பதில். ஒருமுறை ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனையும் எடுத்துப் பார்த்துடுங்க.

வயிறு வீங்கி நீர் கோர்ப்பது, கால் வீக்கம், ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம், கண் மஞ்சள், பேச்சில் குழப்பம்: இதில் எது வந்தாலும் த்ரெட் படிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க.

28/
சுருக்கமா:

கொழுப்பு விறகு. தீ, நம்ம எதிர்ப்பு செல்கள் மூட்டுவது. தீயை ஊதிவிடும் பொடிகளுக்குக் காசு கொடுக்காதீங்க. விறகைக் குறைங்க, தீ அடங்கும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "எனக்கு எந்த கிரேடு?" என்று கேட்க வேண்டாம். "எனக்கு ஃபிப் 4 எவ்வளவு வருது டாக்டர்?" என்று கேளுங்க. நாலு பேர் கேட்டால் நாங்க கணக்குப் போட ஆரம்பிப்போம். நாலாயிரம் பேர் கேட்டால் லேப் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி தானா வந்துடும்.

வீட்டில் சுகர் இருக்கும் அப்பா, அம்மாவோட பழைய ரிப்போர்ட்டை எடுத்து இன்னைக்கே போட்டுப் பாருங்க. காய்ச்சல் நேரத்து ரிப்போர்ட்டா இல்லாமல் பார்த்துக்கோங்க. 1.3 தாண்டினால் பயப்படாம பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைச்சுட்டு வாங்க.

பயனுள்ளதா இருந்தா குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பகிருங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, ட்யூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.